மெழுகுவர்த்தி சொன்ன வேதியியல்

ஒருவன் நம்பத்தகாத செய்தியைச் சொன்னால் ‘கதை விடுகிறான்’ என்கிறோம். கதை என்னும் சொல்லின்மீது பொய் என்னும் நிழல் என்றோ படிந்துவிட்டது. அறிவியலோ மெய்யை நாடுவது. ஆதலின் இவ்விரண்டும் ஒரு கூரையின்கீழ் வாழ இயலாதவை என்று கற்றோர் பலர் கருதுகின்றனர். பாடத்தில் கதை புகுந்தால் பாடம் நீர்த்துப்போகும் என்பர் ஒரு சாரார். கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துத் தருவதுபோலச் சிறுவர்க்கு மட்டும் சிறிது கதை கலக்கலாம் என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் கதையை மருந்துக்குப் புறம்பான பொருளாகவே எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டன் மாநகரில் நிகழ்ந்த ஒரு வரலாற்றைக் கொண்டு ஆராய விழைகின்றேன்.

அறிஞர்கள் தம் நூல்களை எளியோர் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்ததும் உண்டு. 1687இல் இலத்தீன் மொழியில் வெளிவந்த நியூட்டனின் ‘பிரின்சிபியா’ அதற்குச் சான்று. அந்நூலின் மூன்றாம் பகுதியை அவர் முதலில் பலரும் படிக்கத்தக்க நடையிலேயே எழுதினார். பின்னர், அடிப்படை அறியாதோர் வீண்வாதம் செய்வதைத் தவிர்க்கும்பொருட்டு, அதனைக் கணிதத் தேற்றங்களாக மாற்றி அமைத்ததாக அவரே அந்நூலில் கூறுகின்றார். வேலி வேண்டும் என்பது அவர் கருத்து. அதில் நியாயமும் இல்லாமலில்லை. ஆனால் வேலிக்கு வெளியே நிற்பவன் எவ்வாறு உள்ளே வருவது?

இவ்வினாவிற்கு விடை கண்டவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். ஒரு குடும்பத் தலைவி. ஜேன் மார்செட் என்பது அவர் பெயர். 1769இல் இலண்டனில் ஒரு சுவிட்சர்லாந்து வணிகரின் மகளாகப் பிறந்தவர். அலெக்சாண்டர் மார்செட் என்னும் மருத்துவரை மணந்தவர். 1799இல் இலண்டனில் நிறுவப்பெற்ற இராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் மன்றத்தில் ஹம்ப்ரி டேவி ஆற்றிய வேதியியல் சொற்பொழிவுகள் அந்நாளில் பெரும்புகழ் பெற்றிருந்தன. பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தின் வாயில் அடைபட்டிருந்த காலம் அது. இம்மன்றத்தின் வாயிலோ திறந்திருந்தது. மார்செட் அம்மையாரும் சென்று கேட்டார். சோதனைகள் கண்ணைக் கவர்ந்தன. கருத்துகளோ விரைந்தோடிப் பிடியில் அகப்படவில்லை. வீடு திரும்பித் தோழி ஒருவருடன் அவற்றைப் பற்றி உரையாடி, சோதனைகளையும் மீண்டும் செய்து பார்த்தபோதுதான் தெளிவு பிறந்தது. தமக்குத் தெளிவு தந்த அம்முறையையே அவர் நூலின் வடிவமாக்கினார். ‘வேதியியல் உரையாடல்கள்’ என்னும் அந்நூல் 1806ஆம் ஆண்டுக் குறிப்புடன், ஆசிரியர் பெயர் இல்லாமலே வெளிவந்தது.

நூலில் மூவர் வருகின்றனர். ‘திருமதி பி.’ என்பவர் ஆசிரியை. எமிலியும் கரோலைனும் மாணவியர். எமிலி பொறுமையானவள், ஒன்றைப் புரிந்துகொண்ட பின்னரே அடுத்ததற்குச் செல்பவள். கரோலைன் துடுக்கானவள், வெடிப்பும் ஒளியும் உள்ள சோதனை வந்தால்தான் அவளுக்கு மகிழ்ச்சி. ‘என்னை? எனின்’ என்று தாமே வினவித் தாமே விடையிறுக்கும் உரையாசிரியர் மரபு தமிழர்க்குப் புதிதன்று. ஆயினும் நம் உரைகளில் வினவுபவருக்கு முகம் இல்லை. மார்செட்டின் நூலில் வினவுபவளுக்குப் பெயர் உண்டு, குணம் உண்டு, அவசரம் உண்டு. படிப்பவன் தன் ஐயத்தைத் தானே கேட்க நாணும் இடத்தில் கரோலைன் அவனுக்காகக் கேட்டுவிடுகிறாள்.

அந்நூலின் அறிவியலில் ஒரு பகுதி விரைவில் பழுதாயிற்று என்பதையும் சொல்லவேண்டும். வெப்பம் என்பது பொருள்களுக்குள் புகுந்து வெளியேறும் ஒரு நுண்பொருள் என்னும் அக்காலக் கொள்கையை அது கற்பித்தது. அக்கொள்கை அந்த நூற்றாண்டின் நடுவிலேயே கைவிடப்பட்டது. பதிப்புக்குப் பதிப்பு அம்மையார் நூலைத் திருத்திக்கொண்டே வந்தார். இங்கிலாந்தில் மட்டும் 16 பதிப்புகள் கண்டது. விடைகள் மாறின, எமிலி வினவும் முறை மாறவில்லை.

இனி, அந்நூல் யார் கையில் சேர்ந்தது என்று காண்போம்.

மைக்கேல் பாரடே 1791 செப்டம்பர் 22ஆம் நாள் பிறந்தார். தந்தை நோயுற்ற கொல்லர். 1801ஆம் ஆண்டின் பஞ்சத்தில், ஒரு ரொட்டியைக் கொடுத்து இதுவே உனக்கு ஒரு வாரத்துக்கு என்று சொல்லும் நிலையில் இருந்தது குடும்பம். எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்கும் அன்றி வேறு கல்வி கிட்டவில்லை. 13ஆம் வயதில் ரீபோ என்னும் புத்தக வணிகரிடம் எடுபிடிச் சிறுவனாகச் சேர்ந்து, அடுத்த ஆண்டு ஏழாண்டு ஒப்பந்தத்தில் நூல் கட்டும் தொழில் பயிலத் தொடங்கினார். அலுவலகத்தில் கோப்புகளைத் தைத்து அடுக்கும் எம்மனோர்க்கு, தைக்கும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கும் ஆவல் எழுவது அரிது. இச்சிறுவனோ பகலில் கட்டிய நூல்களை இரவில் படித்தான். ‘என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா’வில் மின்சாரம் பற்றிய கட்டுரை ஒன்று, மார்செட் அம்மையாரின் உரையாடல்கள் மற்றொன்று. இவ்விரண்டும் அவன் வாழ்வைத் திசை திருப்பின.

ரீபோ நல்ல உள்ளம் படைத்தவர், பையனைத் தடுக்கவில்லை. கடைக்கு வந்த வில்லியம் டான்ஸ் என்பவர் டேவியின் சொற்பொழிவுகளுக்கு நுழைவுச்சீட்டு தந்தார். 1812இல் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, விரிவாக எழுதி, படங்கள் வரைந்து, தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பிவைத்தார் பாரடே. 1813 மார்ச்சு மாதம் அதே மன்றத்தில் ஆய்வுக்கூட உதவியாளர் பணி கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங் ஊதியம். மேல்மாடியில் இரண்டு அறைகள். நிலக்கரியும் மெழுகுவர்த்தியும் மன்றத்தின் செலவு. பின்னாளில் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்து (1831), இன்று நம் ஊர்களுக்கு மின்சாரம் தரும் மின்னாக்கிகளுக்கு வழிவகுத்த மேதை அங்ஙனம் பணியில் சேர்ந்தார்.

இவ்வரலாற்றில் என் நெஞ்சை மிகவும் கவர்ந்தது ஒரு கடிதம். 1858இல் மார்செட் அம்மையார் காலமானபோது, ஜெனீவாவைச் சேர்ந்த டி லா ரீவ் என்னும் அறிஞருக்குப் பாரடே எழுதியது அது. இளமையில் தாம் ஆழ்ந்து சிந்திக்கும் இயல்பினர் என்றோ, முதிர்ச்சி மிக்கவர் என்றோ எண்ணிவிட வேண்டா என்கிறார். தாம் கற்பனை மிகுந்த சிறுவனாக இருந்ததாகவும், கலைக்களஞ்சியத்தை எவ்வளவு எளிதாக நம்பினாரோ அவ்வளவு எளிதாக ‘ஆயிரத்தோர் இரவுகள்’ கதையையும் நம்பக்கூடியவராக இருந்ததாகவும் ஒளிக்காமல் சொல்கிறார். அப்படியானால் அவரைக் காத்தது எது? நேரில் கண்ட உண்மையை மட்டுமே நம்பி, பிறர் சொல்லும் கூற்றைக் குறுக்கு விசாரணை செய்யும் பழக்கம். மார்செட்டின் நூலில் சொல்லியவற்றைத் தம்மிடமிருந்த சில்லறைக் காசுக்கு இயன்ற சிறு சோதனைகளால் சோதித்துப் பார்த்தார். சொன்னவை மெய்யாக இருந்தன. வேதியியலில் ஒரு நங்கூரம் கிடைத்தது என்று உணர்ந்து அதனைப் பற்றிக்கொண்டதாக எழுதுகிறார். பிற்காலத்தில் அம்மையாருக்குத் தம் ஆய்வுக் கட்டுரைகளை நன்றிக் காணிக்கையாக அனுப்பிவந்தார்.

அராபியக் கதையும் கதை. எமிலி, கரோலைன் உரையாடலும் கதை. இரண்டும் அச்சிறுவனை ஈர்த்தன. ஆனால் ஒன்றில் பூதம் குப்பியிலிருந்து வெளிவருவதை அவன் வீட்டில் செய்து பார்க்க இயலாது. மற்றொன்றில் திருமதி பி. குப்பியில் ஊற்றியதை அவனும் ஊற்றிப் பார்க்கலாம். தேன் தடவிய மருந்து என்னும் உவமை இங்குதான் பொருந்தாமற் போகிறது. தேன் நாவோடு நின்றுவிடும். மருந்தின் வேலையை அது செய்யாது. மார்செட்டின் கதையோ படிப்பவனைக் கைப்பிடித்துச் சோதனை மேசைவரை கொண்டுபோய் நிறுத்தியது.

1845இல் ஒளியின்மீது காந்தத்தின் ஆற்றலைப் பாரடே கண்டறிந்தார். எழுபத்தாறு வயதான அம்மையார் அச்செய்தியைப் படித்து, அச்சாகிக்கொண்டிருந்த புதிய பதிப்பில் சேர்க்கும்பொருட்டு விளக்கம் கேட்டு அவருக்கே எழுதினார். நூலால் உருவான மாணாக்கனின் கண்டுபிடிப்பு நூலுக்குள் பாடமாகத் திரும்பி வந்தது.

பாரடே பிறவிச் சொற்பொழிவாளர் அல்லர். பேச்சுக் கலை ஆசிரியருக்குப் பணம் கொடுத்துப் பயின்றவர். நண்பரை அவையில் அமர்த்தித் தம் குறைகளைக் குறித்துக்கொள்ளச் செய்தவர். வேகமாகப் பேசினால் ‘மெதுவாக’ என்று எழுதிய அட்டையைக் கண்முன் காட்டச் சொல்லியிருந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரும் பேசலாகாது என்பது இளமையிலேயே அவர் கொண்ட கொள்கை. நம் சங்க விழாக்களில் பேச வருவோரும் இதனை நினைவிற்கொண்டால் நன்று.

இராயல் இன்ஸ்டிடியூஷனில் கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்க்கென நிகழும் சொற்பொழிவுகள் 1825இல் தொடங்கின. 1827 முதல் 1860 வரை பத்தொன்பது முறை அவற்றை நிகழ்த்தியவர் பாரடே. மெழுகுவர்த்தியை அவர் இருமுறை பொருளாகக் கொண்டார். 1848இல் ஒருமுறை, 1860–61இல் கடைசி முறையாக மீண்டும். அப்போது அவருக்கு வயது 69, நினைவாற்றல் தளர்ந்திருந்தது. ஆயினும் சிறுவரிடையே சிறுவனாகப் பேசும் உரிமையைக் கேட்டுப் பெற்றுக்கொண்டே தொடங்கினார். வில்லியம் குரூக்ஸ் என்னும் இளம் வேதியியலாளர் அவற்றைத் தொகுத்து 1861இல் நூலாக வெளியிட்டார்.

ஆறு சொற்பொழிவுகள், ஒரே ஒரு மெழுகுவர்த்தி. கதையின் போக்கைச் சற்று விரிவாகப் பார்த்தல் வேண்டும்.

முதலில் மெழுகுவர்த்திகளின் வகைகளை மேசையில் பரப்புகிறார். மாட்டுக்கொழுப்பில் திரியைத் தோய்த்துச் செய்தது, திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுத்த மெழுகு, தேன்மெழுகு, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் கொண்டுசெல்லும் மெல்லிய வத்தி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு. 1782இல் கடலில் மூழ்கிய ‘இராயல் ஜார்ஜ்’ என்னும் கப்பலிலிருந்து எடுத்த மெழுகுவர்த்தி ஒன்றும் அவற்றுள் இருந்தது. பல ஆண்டுகள் உப்புநீரில் ஊறிக் கிடந்தும், ஏற்றியவுடன் எரிந்தது. அங்கே எந்தச் சிறுவன் கொட்டாவி விட்டிருப்பான்?

அதன்பின் வினா எழுகிறது. விளக்கில் எண்ணெய் தானே நீர்மமாக இருக்கிறது, மெழுகோ திடப்பொருள். அது எப்படிச் சுடருக்கு ஏறுகிறது? சுடரின் வெப்பத்தால் காற்று மேலெழுகிறது. பக்கங்களிலிருந்து வரும் குளிர்ந்த காற்று மெழுகின் விளிம்பைக் குளிரச் செய்கிறது. நடுப்பகுதி உருகுகிறது, விளிம்பு உருகாமல் நிற்கிறது. ஆகவே ஒரு கிண்ணம் தானே உருவாகிறது. அழகுக்காக வரிவரியாகச் செதுக்கிய மெழுகுவர்த்தியில் விளிம்பு ஒழுங்காக அமையாமல் மெழுகு வழிந்தோடும். பார்வைக்கு அழகானது எரிவதற்கு நல்லதன்று என்று அதையும் காட்டுகிறார். கிண்ணத்தில் தேங்கிய மெழுகு திரியின் நுண்ணிய துளைகள் வழியே ஏறுகிறது. தொட்டியின் விளிம்பில் தொங்கவிட்ட துண்டு நீரை உறிஞ்சிக் கீழே சொட்டுவதும் அதே முறைதான். அப்படியானால் நெருப்பு ஏன் திரியின் வழியே கீழிறங்கி முழுவதையும் எரித்துவிடவில்லை? உருகிய மெழுகே அங்கே அதனை அணைக்கிறது. ஐயமிருப்பின் எரியும் மெழுகுவர்த்தியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கலாம். மெழுகு மிகுந்து சுடர் அணைந்துவிடும்.

அடுத்து அவர் மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கிறார். மேலெழும் புகையில், திரிக்கு இரண்டு மூன்று அங்குலம் தள்ளி, எரியும் குச்சியைக் காட்டுகிறார். நெருப்பு புகையின் வழியே தாவித் திரியைப் பற்றிக்கொள்கிறது. எரிவது மெழுகன்று, மெழுகின் ஆவி என்பது இப்போது எல்லோர்க்கும் விளங்கிவிட்டது. மின்சாரம் நின்றுபோகும் மாலைகளில் நம் வீட்டிலும் இதனைச் செய்து பார்க்கலாம். பெரியவர் ஒருவர் உடனிருத்தல் நலம்.

சுடரின் ஒளி எங்கிருந்து வருகிறது? அதற்குள்ளே எரிந்து மின்னும் கரித்துகள்களிலிருந்து. வலிய ஒளியை ஒரு சுடரின்மீது பாய்ச்சித் திரையில் அதன் நிழலை விழச்செய்கிறார். சுடரில் மிகவும் ஒளிவிடும் பகுதியே மிகக் கரிய நிழலாக விழுகிறது. ஒளி தருவது ஒரு திடப்பொருள் என்பதற்கு இதைவிடக் கண்ணுக்கெதிரான சான்று வேண்டுமோ?

பின்னர்ச் சுடருக்கு மேலே குளிர்ந்த பாத்திரத்தைப் பிடித்தால் நீர்த்துளி படிகிறது. நெருப்பிலிருந்து நீர் பிறக்கிறது என்பது நாடகத்தின் நடுக்காட்சிபோல் அமைகிறது. அந்நீரை மின்சாரத்தால் பிரித்தால் இரண்டு வாயுக்கள். ஒன்று எரியும் ஹைட்ரஜன். மற்றொன்று எரிய உதவும் பிராணவாயு. எஞ்சிய மற்றொரு வாயு தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்போல் வெளுக்கச் செய்கிறது. அது கரியமில வாயு. இறுதிச் சொற்பொழிவில் பாரடே தம் மூச்சையே சுண்ணாம்பு நீரில் ஊதுகிறார். அதுவும் வெளுக்கிறது. மெழுகுவர்த்தியில் நிகழ்வதே நம் உடலிலும் நிகழ்கிறது. ஒரு மனிதன் நாள் ஒன்றுக்கு ஏழு அவுன்ஸ், ஏறத்தாழ 200 கிராம், கரியை மூச்சாக மாற்றுகிறான் என்று கணக்கும் சொல்கிறார். நாம் விடும் மூச்சைச் செடிகொடிகள் உணவாகக் கொள்கின்றன. மேசைமேல் இருந்த மெழுகுவர்த்தி, கேட்பவனின் மார்புக்குள்ளும் சாளரத்துக்கு வெளியே நிற்கும் மரத்திலும் புகுந்துவிட்டது.

இங்கே கதையைத் தனியே பிரித்தெடுத்து எறிந்துவிட்டு அறிவியலை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா? முடியாது என்றே எண்ணுகின்றேன். ஒரு நிகழ்ச்சிக்குப்பின் ஏன் அடுத்தது வருகிறது என்னும் வரிசையே இங்குக் கதை. அவ்வரிசையே நிறுவலும் ஆகும். சுடரின் நீண்ட வடிவத்துக்கு மேலெழும் காற்றே காரணம் என்றார் பாரடே. 1992இல் அமெரிக்க விண்வெளி ஓடத்திலும், 1996இல் மீர் விண்வெளி நிலையத்திலும் மெழுகுவர்த்தி ஏற்றிப் பார்த்தனர். எடையற்ற அந்நிலையில் சூடான காற்று மேலெழுவதில்லை. சுடரும் நீளாமல் நீல நிறத்தில் உருண்டை வடிவாக நின்றது. கதையின் ஒரு கண்ணியை எடுத்தவுடன் அடுத்ததும் மாறிற்று.

இக்கதை மேலும் ஒரு கதையைப் பெற்றது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தம் வார இதழுக்காக 1850 மே மாதம் பாரடேக்கு எழுதி, முதன்முறை ஆற்றிய சொற்பொழிவுக் குறிப்புகளைக் கேட்டார். பாரடே இசைந்தார். பெர்சிவல் லீ என்பவர் அவற்றைக் கொண்டு எழுதிய கதை அவ்வாண்டு ஆகஸ்டில் வந்தது. சொற்பொழிவு கேட்டுவந்த சிறுவன் ஒருவன், ஐயுறும் தன் மாமாவுக்கு வீட்டிலேயே மெழுகுவர்த்தியைக் கொண்டு பாடம் நடத்துவதே அதன் பொருள். பெரியவர் வினவச் சிறியவன் விடை கூறும் அந்த மாற்றம் சுவையானது.

அறிவியல் கதை என்ற பெயரில் நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பது வேறு வகை. ஆப்பிள் விழுந்தது, நியூட்டன் சிந்தித்தார். ஆர்க்கிமிடீஸ் குளியல் தொட்டியிலிருந்து எழுந்தோடினார். ஆப்பிள் கதை நியூட்டனே முதுமையில், 1726இல், ஸ்டுக்லி என்னும் நண்பரிடம் கூறியதுதான். புனைவு என்று தள்ளுதற்கில்லை. ஆயினும் அக்கதையைக் கேட்ட சிறுவனுக்கு நியூட்டனைப் பற்றி ஏதோ தெரியும். நிலவு ஏன் விழவில்லை என்பது தெரியாது. அறிஞனைப் பற்றிய கதை வேறு. பொருளின் கதை வேறு. முன்னதற்குக் கைதட்டல் போதும். பின்னதற்குக் கேட்பவனின் கையும் கண்ணும் வேண்டும்.

பாரடே உயர்கணிதம் அறியாதவர். 1857இல், 26 வயதே ஆன ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்லுக்கு அவர் எழுதிய கடிதத்தில் ஒரு வேண்டுகோள் காணப்படுகிறது. கணித அறிஞர் தாம் கண்ட முடிவுகளைச் சூத்திரங்களில் கூறுவதுபோலவே முழுமையாகவும் தெளிவாகவும் பொதுமொழியிலும் கூறலாகாதா, அப்படிக் கூறினால் எம்போன்றோரும் சோதனையால் அவற்றைத் தொடர இயலுமே என்பது அதன் சாரம். உலகம் போற்றும் அறிஞர் ஒருவர், வேலிக்கு வெளியே நிற்பவனின் குரலில் கேட்ட கேள்வி இது. அவர் மனக்கண்ணில் கண்ட விசைக்கோடுகளையே மாக்ஸ்வெல் பின்னர்ச் சமன்பாடுகளாக வடித்தார்.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் இல்லங்களில் இவ்வேலி இரட்டை வேலியாக உள்ளது. பிள்ளைகள் பள்ளியில் அறிவியலை ஆங்கிலத்திலோ இந்தியிலோ கற்கின்றனர். வீட்டில் விளக்கேற்றும் பாட்டியிடம் தமிழில் பேசுகின்றனர். பள்ளியின் சொல்லும் பாட்டியின் சுடரும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. பாரடேயின் ஆறு சொற்பொழிவுகளுக்கு வேண்டிய சொற்களில் பெரும்பாலானவை நம் சமையலறையிலேயே கிடக்கின்றன: திரி, சுடர், ஆவி, புகை, கரி, சுண்ணாம்பு. தொழிலால் வழக்கறிஞராகிய பெ. நா. அப்புசுவாமி (1891–1986) எளிய தமிழில் அறிவியலை வாழ்நாளெல்லாம் எழுதிக் காட்டினார். அவர் நூல்கள் சங்க நூலகங்களின் அலமாரியில் இருந்தால் மட்டும் போதாது. எடுத்து, பிள்ளைகளுக்கு உரக்கப் படிக்க ஒருவர் வேண்டும்.

பாரடே 1867 ஆகஸ்ட் 25ஆம் நாள் மறைந்தார். மெழுகுவர்த்தி நூல் பல மொழிகளுக்குச் சென்றது. ஜப்பானில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியர் அதனைத் தம் மாணவன் ஒருவனுக்குப் படிக்கச் சொன்னார். அச்சிறுவன் அகிரா யோஷினோ. கைப்பேசிகளுக்கு உயிரூட்டும் லித்தியம் அயனி மின்கலத்தை உருவாக்கியமைக்காக 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது, வேதியியலில் தமக்கு ஆர்வம் பிறந்தது அந்நூலால்தான் என்று அவர் கூறினார். பாரடே தம் இறுதிச் சொற்பொழிவில் மேசைமேல் எடுத்துக்காட்டியவற்றுள், அவைக்கு வந்திருந்த பெண்மணி ஒருவர் அனுப்பிய ஜப்பான் நாட்டு மெழுகுவர்த்திகள் இரண்டும் இருந்தன. காற்று உள்ளே செல்லுமாறு, அவற்றின் திரி நடுவே துளையுடையதாக அமைந்திருந்தது.